அறுபத்தேழாம் அடுக்கு

14,75,73,95,25,89,67,64,12,927.

இருபத்தோரு இலக்கம் கொண்ட எண் இது. வாய்விட்டுச் சொல்ல வேண்டுமானால், ஏறக்குறைய பதினான்கே முக்கால் லட்சம் கோடி கோடி. இரண்டை அறுபத்தேழு முறை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி, வருகிற விடையில் ஒன்றைக் கழித்தால் இது கிடைக்கும். சுருக்கமாக 2⁶⁷ − 1 என்று எழுதுவார்கள். கணினி எழுதும் இரும முறையில் எழுதினால், வரிசையாக அறுபத்தேழு ஒன்றுகள். நடுவில் ஒரு பூஜ்யம்கூடக் கிடையாது.

இந்த எண்ணைப் பற்றி மூன்று பேர் மூன்று காலங்களில் பேசினார்கள். 1644இல் பாரிஸ் நகரத் துறவி ஒருவர் இதைப் பகா எண் என்றார். 1876இல் பிரெஞ்சுக் கணித ஆசிரியர் ஒருவர், இது பகா எண் அன்று, கட்டாயம் உடையும் என்று நிறுவினார். ஆனால் எங்கே உடையும் என்று அவருக்கும் தெரியவில்லை. 1903இல் அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர் அந்த இரண்டு துண்டுகளையும் கையில் எடுத்துக் காட்டினார். இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் நடுவே கிடக்கும் இருபத்தேழு ஆண்டுகள்தான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தன. ஓர் எண் உடையும் என்று அறிவது ஒன்று. எங்கே உடையும் என்று அறிவது வேறொன்று. முதலாவது கைக்கு வந்த பிறகும் இரண்டாவது வராமலே போகலாம். இதை இவ்வளவு துலக்கமாகக் காட்டும் எண் வேறொன்றை நான் அறியேன். நம்முடைய இணையப் பரிமாற்றங்களின் பாதுகாப்பில் ஒரு பகுதி அந்த இடைவெளியை நம்பித்தான் இருக்கிறது.

துறவியின் பட்டியல்

மரான் மெர்சென் கிறிஸ்தவத் துறவி. மினிம் சபையைச் சேர்ந்தவர். 1588 முதல் 1648 வரை வாழ்ந்தார். அறிவியல் இதழ்கள் தோன்றாத காலம் அது. தெகார்த், ஃபெர்மா போன்றவர்கள் தாம் கண்டுபிடித்ததை மெர்செனுக்குக் கடிதமாக எழுதுவார்கள். அவர் அதைப் படியெடுத்து ஐரோப்பா முழுவதும் மற்றவர்களுக்கு அனுப்புவார். அவருடைய மடத்து அறைதான் அன்றைய கணிதத்தின் அஞ்சல் நிலையம்.

1644இல் வெளிவந்த தம் நூல் ஒன்றில் அவர் ஒரு பட்டியல் தந்தார். 2இன் அடுக்கு ஒன்றிலிருந்து 1ஐக் கழித்தால் வரும் எண்களில் எவை பகா எண்கள் என்பது கேள்வி. 257 வரையிலான அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகிய பதினொன்றுக்கு மட்டுமே பகா எண் கிடைக்கும் என்றார்.

இந்த வகை எண்கள்மேல் அவ்வளவு அக்கறை ஏன்? காரணம் யூக்ளிட் காலத்தியது. தன்னைத் தவிர்த்த மற்ற வகுத்திகளைக் கூட்டினால் தானே வரும் எண்ணைச் செவ்விய எண் என்கிறோம். 6க்கு வகுத்திகள் 1, 2, 3, கூட்டினால் 6. 28க்கு 1, 2, 4, 7, 14, கூட்டினால் 28. அடுத்தவை 496, 8128. 2இன் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்து வருவது பகா எண்ணாக இருந்தால் அதிலிருந்து ஒரு செவ்விய எண்ணைப் பெறலாம் என்று யூக்ளிட் நிறுவினார். இரட்டைப்படைச் செவ்விய எண்கள் எல்லாமே அந்த வழியில் வந்தவைதாம் என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு ஆய்லர் நிறுவினார். மெர்சென் சொன்னது சரியாக இருந்திருந்தால், நம் எண்ணை 2இன் 66ஆம் அடுக்கால் பெருக்கி நாற்பத்தோரு இலக்கச் செவ்விய எண் ஒன்றை அடைந்திருப்போம்.

ஆனால் மெர்சென் சொன்னது சரியில்லை. பட்டியலில் ஐந்து பிழைகள். 67உம் 257உம் இருக்கக் கூடாதவை. 61, 89, 107 மூன்றும் விடுபட்டவை. ஐந்தையும் கண்டுபிடித்துப் பட்டியலை முழுமையாகச் சரிபார்த்து முடித்தபோது ஆண்டு 1947. முந்நூறு ஆண்டு வேலை! 61ஐ எழுதப் போய் 67 என்று அச்சாகிவிட்டதோ என்று சந்தேகித்தவர்கள்கூட உண்டு. எனக்கு அந்தச் சமாதானம் தேவையாகப் படவில்லை. பதினைந்து, இருபது இலக்கம் கொண்ட எண் ஒன்று பகா எண்ணா என்று சோதிக்க எவ்வளவு காலமும் போதாது என்பதை மெர்செனே ஒப்புக்கொண்டிருக்கிறார். அப்படியும் துணிந்து ஒரு பட்டியலை வைத்தார். தவறான பட்டியல்தான். ஆனால் அது மூன்று நூற்றாண்டுகளுக்கு வேலை கொடுத்தது; அந்த எண்களுக்கு இன்றும் அவர் பெயரே நிற்கிறது.

64, 65, 66 திறக்கும், 67 திறக்காது

பெரிய எண் என்பதாலேயே ஓர் எண் கடினமாகிவிடாது. அடுத்தடுத்த நான்கு அடுக்குகளைப் பாருங்கள்.

2⁶⁴ − 1 என்பது இருபது இலக்க எண்: 1,84,46,74,40,73,70,95,51,615. அறுபத்து நான்கைப் பாதியாக்கிக்கொண்டே போகலாம் என்பதால் இந்த எண் தானாகவே துண்டு துண்டாகப் பிரிந்துவிடும். 3, 5, 17, 257, 65,537 என்று வரிசையாக விழும். கடைசியில் மிஞ்சுவது 4,29,49,67,297. அதைப் பகா எண் என்று ஃபெர்மா நம்பினார். 1732இல் ஆய்லர் அதையும் 641 × 67,00,417 என்று பிரித்துவிட்டார். 65 என்பது 5 × 13. ஆகவே 2⁶⁵ − 1ஐ 31உம் 8,191உம் வகுக்கும் என்று எழுதிப் பார்க்காமலே சொல்லிவிடலாம். 66 இரட்டைப்படை எண். மூன்றாலும் பதினொன்றாலும் வேறு வகுபடும். அதனால் 2⁶⁶ − 1 இன்னும் எளிதாகத் திறக்கும். அடுக்கு பகு எண்ணாக இருந்தால் அதன் காரணிகளே சாவி.

67 பகா எண். அதற்குள் நுழைய அப்படி ஒரு சாவி இல்லை. அதற்காக அடுக்கு பகா எண்ணாக இருந்தாலே விடையும் பகா எண்ணாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். பதினோராம் அடுக்கே அந்த நம்பிக்கையைப் பொய்யாக்குகிறது: 2,048இல் ஒன்று குறைத்தால் 2,047, அது 23 × 89. இது 1536இலேயே அச்சில் வந்துவிட்டது.

ஆனாலும் ஒரு சிறு வெளிச்சம் உண்டு. அடுக்கு ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருக்கும்போது, விடையை வகுக்கக்கூடிய எந்தப் பகா எண்ணும் அடுக்கின் இரு மடங்கால் வகுத்தால் மீதி 1 தர வேண்டும். நம் எண்ணுக்கு அது 134. அதாவது 134இன் ஏதோ ஒரு மடங்கோடு 1ஐக் கூட்டினால் வரும் எண்களை மட்டும் பார்த்தால் போதும். இன்னொரு விதி: அந்தப் பகா எண்ணை எட்டால் வகுத்தால் மீதி 1 அல்லது 7தான் வரும், 3உம் 5உம் வராது. முப்பத்தோராம் அடுக்கை எடுத்துக்கொண்ட ஆய்லருக்கு இந்த இரண்டு விதிகளும் பேருதவியாக இருந்தன. எண்பது சொச்சம் வகுத்தல்களோடு வேலை முடிந்து, 2,14,74,83,647 பகா எண்தான் என்று 1772இல் அறிவித்தார்.

அறுபத்தேழுக்கு எண்பது வகுத்தல் போதாது. எத்தனை வேண்டும் என்று பிறகு பார்ப்போம்.

வேஷம் போட்ட எண்

ஓர் எண் பகா எண்ணா என்று சோதிக்க ஃபெர்மா 1640இல் ஓர் அழகான வழியைத் திறந்துவைத்தார். 2ஐத் தவிர்த்த பகா எண் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு 2ஐ உயர்த்தி, அந்தப் பகா எண்ணாலேயே வகுத்தால் மீதி எப்போதும் 1. ஏழுக்குப் பாருங்கள்: 2இன் ஆறாம் அடுக்கு 64, ஏழால் வகுத்தால் மீதி 1. ஒன்பதுக்குச் செய்தால் 256ஐ ஒன்பதால் வகுக்க வேண்டும், மீதி 4. ஒன்பது பிடிபட்டுவிட்டது.

இந்தச் சோதனையை நம் இருபத்தோரு இலக்க எண்ணுக்கு வைத்தால் என்ன ஆகும்? மீதி 1 என்றே வரும். பகு எண்ணாக இருந்துகொண்டே பகா எண்ணின் வேஷத்தில் சோதனையைத் தாண்டிவிடுகிறது. இதில் எனக்குப் பிடித்த செய்தி, அந்த வேஷத்தைத் தைத்துக் கொடுப்பதே ஃபெர்மாவின் விதிதான் என்பது. 67 பகா எண் என்பதால், நம் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது 67ஆல் வகுபடும் என்று அந்த விதியே உறுதி செய்கிறது. 2இன் 67ஆம் அடுக்கு நம் எண்ணால் வகுத்தால் மீதி 1 தரும். அப்புறம் 67இன் எந்த மடங்கை அடுக்காக வைத்தாலும் மீதி 1தான். சோதனை கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடுகிறது.

இந்த விஷயத்தில் நம் ஊர் வாசகர்களுக்கு நன்கு அறிமுகமான ஓர் எண் இன்னும் கைதேர்ந்தது. ராமானுஜன் பெயரோடு சேர்ந்துவிட்ட 1729தான் அது. 7 × 13 × 19 என்று உடையும் எண். ஆனாலும் 2ஐ மட்டுமல்லாமல், 7, 13, 19 ஆகியவற்றால் வகுபடாத எந்த எண்ணை வைத்து ஃபெர்மாவின் சோதனையை நடத்தினாலும் அது பகா எண் போலவே பதில் சொல்லும். அந்த மூன்று காரணிகளிலும் ஒன்று குறைத்தால் வரும் 6, 12, 18 மூன்றுமே 1728ஐ மீதியின்றி வகுப்பதுதான் காரணம். இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதலாம் என்ற பெருமையை மட்டும் சொல்லி 1729ஐ விட்டுவிடுகிறோம். இதையும் பள்ளிகளில் சொல்லிக்கொடுக்கலாம்.

லூக்காவின் சோதனை

ஆக, நம் எண்ணின் வேஷத்தைக் கலைக்க வேறு சோதனை வேண்டியிருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் எதுவார் லூக்கா. கோபுரப் புதிரை நீங்கள் விளையாடியிருப்பீர்கள்: மூன்று கம்பங்கள், அளவில் சிறுத்துக்கொண்டே போகும் வட்டுகள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் நகர்த்தலாம், சின்னதன் மேல் பெரியதை வைக்கக் கூடாது. ஹனோய் கோபுரம் என்ற அந்தப் புதிரை 1883இல் வெளியிட்டவர் இவர்தான். காசியில் ஒரு கோயிலில் அறுபத்து நான்கு தங்க வட்டுகளைப் பூசாரிகள் நகர்த்திக்கொண்டே இருக்கிறார்கள், அது முடியும்போது உலகமும் முடியும் என்றொரு கற்பனைக் கதையும் அந்தப் புதிரோடு சேர்ந்து பரவியது. அறுபத்து நான்கு வட்டுகளுக்கு 2⁶⁴ − 1 நகர்த்தல்கள். நொடிக்கு ஒன்றாக நகர்த்தினாலும் 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இன்னும் மூன்று வட்டுகளைச் சேர்த்து அறுபத்தேழாக்கினால், தேவையான நகர்த்தல்களின் எண்ணிக்கை நம் எண்ணேதான்.

லூக்காவின் சோதனை இன்று நமக்குக் கிடைக்கும் எளிய வடிவத்தில் டெரிக் ஹென்றி லேமர் என்ற அமெரிக்கர் 1930களில் சீர்செய்தது. 4இல் தொடங்குங்கள். வர்க்கமாக்கி 2ஐக் கழியுங்கள். வருவதைச் சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதியை மறுபடி வர்க்கமாக்கி 2ஐக் கழியுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இதைச் செய்யுங்கள். முடிவில் மீதி பூஜ்யமானால் பகா எண். இல்லாவிட்டால் பகு எண். இவ்வளவுதான்.

31க்கு, அதாவது ஐந்தாம் அடுக்குக்குச் செய்து பார்ப்போம். மூன்று தடவை: 4, 14, 8, 0. பூஜ்யம் வந்துவிட்டது, 31 பகா எண். 2,047க்கு ஒன்பது தடவை: 4, 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. பூஜ்யம் வரவில்லை, ஆகவே உடையும்.

இப்போது அந்த 1736ஐ உற்றுப் பாருங்கள். அதில் 23 எங்கே? 89 எங்கே? எதுவும் தெரியாது. உடையும் என்ற தீர்ப்பை மட்டும் சொல்லிவிட்டுச் சோதனை வாயை மூடிக்கொள்கிறது.

1876இல் லூக்கா தம் முறையால் இரண்டு முடிவுகளுக்கு வந்தார். மெர்சென் பட்டியலிலிருந்த 127ஆம் அடுக்கு பகா எண்தான். முப்பத்தொன்பது இலக்கம் கொண்ட அதுவே 1951 வரை மனிதர் அறிந்த மிகப் பெரிய பகா எண். 67ஆம் அடுக்கு பகா எண் அன்று. மெர்சென் விட்ட 61ஆம் அடுக்கைப் பகா எண் என்று 1883இல் நிறுவியவர் இவான் பெர்வுஷின் என்ற ரஷ்யப் பாதிரியார். 67ஆம் அடுக்கு உடையும் என்பதில் ஐயம் போய்விட்டது. உடைத்துக் காட்டத்தான் ஆள் இல்லை.

கரும்பலகையில் ஒரு பெருக்கல்

ஃபிராங்க் நெல்சன் கோல் 1861இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். ஹார்வர்டில் படித்தார், ஜெர்மனி சென்று கணித அறிஞர் பெலிக்ஸ் கிளைனிடம் பயின்றார், பிறகு நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். குலக் கோட்பாட்டில் அவர் செய்த வேலை மதிப்புக்குரியது. அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் செயலராகக் கால் நூற்றாண்டு இருந்தார். அரங்குகளில் முழங்கிய மேதை என்று அவரை யாரும் சொல்லவில்லை. சங்கத்தின் கூட்டங்களை நடத்தி, இதழைப் பதிப்பித்து, பிறர் எழுதியதைத் திருத்திக் கொடுத்தே வாழ்நாளைச் செலவிட்ட மனிதர்.

1903 அக்டோபர் 31 அன்று நியூயார்க்கில் நடந்த சங்கக் கூட்டத்தில் பெரிய எண்களைக் காரணிப்படுத்துவது பற்றி அவர் கட்டுரை படித்தார். அன்று நடந்ததைக் கணித வரலாற்று எழுத்தாளர் எரிக் டெம்பிள் பெல் 1951இல் வெளியான தம் நூலில் விவரித்திருக்கிறார். கோல் ஒரு வார்த்தையும் பேசாமல் கரும்பலகைக்குப் போனார். 2இன் 67ஆம் அடுக்கைக் கணக்கிட்டு எழுதி, ஒன்றைக் கழித்தார். பலகையின் வெறுமையான பகுதிக்கு நகர்ந்து, 19,37,07,721 என்று எழுதி, அதை 7,61,83,82,57,287ஆல் முழுநீளமாகப் பெருக்கினார். இரண்டு விடைகளும் ஒன்றாகவே இருந்தன. பேசாமலே போய் உட்கார்ந்தார். அரங்கம் கைதட்டியது. இதற்கு எவ்வளவு காலம் ஆயிற்று என்று பின்னாளில் பெல் கேட்டதற்கு, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்று கோல் பதில் சொன்னாராம்.

பெல் கதைக்கு மெருகேற்றுபவர் என்பது கணித வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். அரங்கின் மௌனத்தையும் கைதட்டலையும் அதற்கேற்ற எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். எண்களுக்கு அந்த எச்சரிக்கை தேவையில்லை. கோலின் கட்டுரை அதே ஆண்டு சங்கத்தின் இதழில் அச்சாகிவிட்டது. பெருக்கிப் பார்க்க யாருக்கும் உரிமை உண்டு.

ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து நீங்களும் அதைச் செய்து பாருங்கள் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்பது இலக்கத்தைப் பன்னிரண்டு இலக்கத்தால் பெருக்குவது ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். நேரமில்லை என்றால் ஒன்பதைத் தள்ளும் பழைய சரிபார்ப்பையாவது செய்யலாம். முதல் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 37. மறுபடி கூட்டிக்கொண்டே போனால் 1. இரண்டாவதன் கூட்டல் 64; அதுவும் 1இல் முடியும். கட்டுரையின் முதல் வரியிலுள்ள எண்ணின் கூட்டல் 109, அதுவும் 1தான். ஒன்றை ஒன்றால் பெருக்க ஒன்று. பெருக்கல் சரி என்பதற்கு இது முழுச் சான்றாகாது. ஆனால் பிழை இருந்திருந்தால் பெரும்பாலும் இங்கேயே மாட்டியிருக்கும்.

மூன்று ஆண்டு என்ற கணக்குக்கு வருவோம். முன்பு சொன்ன விதிப்படி, சிறிய காரணியிலிருந்து ஒன்றைக் கழித்து 134ஆல் வகுத்தால் 14,45,580 வருகிறது. 134ஐ அத்தனை மடங்கு ஏறிப் போனால்தான் அந்தக் காரணி கண்ணில் படும். எட்டு பற்றிய விதி பாதியை நீக்கிவிடும். மிஞ்சுவது ஏழு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். அவற்றிலும் 3, 5, 7, 11, 13 ஆகியவற்றால் வகுபடுபவை வேண்டாம். சுமார் 2,77,000 எஞ்சும். அதற்கு மேல் சலிக்க, அன்று அச்சிலிருந்த பகா எண் அட்டவணைகள் இருபது கோடியை நெருங்கவே இல்லை. ஒரு வகுத்தலுக்கு ஐந்து நிமிடம், ஞாயிறுதோறும் எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆகும். அதுவும் காரணி இந்தத் தூரத்தில்தான் இருக்கிறது என்று முன்கூட்டித் தெரியாமல்.

ஆகவே கோல் கண்மூடித்தனமாக வகுத்துக்கொண்டே போகவில்லை என்பது தெளிவு. அவர் பயன்படுத்தியது வர்க்க மீதிகள். கருத்து இதுதான்: நம் எண்ணால் வகுக்கும்போது எந்தெந்தச் சிறிய எண்கள் ஏதோ ஒரு வர்க்கத்தின் மீதியாக வருகின்றன என்று தேட வேண்டும். அப்படி ஒன்று அகப்பட்டால், மறைந்திருக்கும் காரணிக்கும் அது வர்க்க மீதியாக இருந்தாக வேண்டும். பகா எண்களில் ஏறக்குறைய பாதி அந்த நிபந்தனையில் அடிபட்டுப் போகும். எட்டு பற்றிய விதியே இப்படி வந்ததுதான்: 2இன் 68ஆம் அடுக்கு ஒரு வர்க்கம், நம் எண்ணால் வகுத்தால் மீதி 2. இன்னொரு வர்க்க மீதி கிடைத்தால் மறுபடி பாதி. இன்னொன்று கிடைத்தால் அதிலும் பாதி. பத்து கிடைத்தால் ஆயிரத்தில் ஒன்றுதான் மிஞ்சும். இந்த மீதிகளைக் கண்டுபிடிப்பதிலும் அவற்றைப் பொருத்துவதிலும்தான் அந்த ஞாயிறுகள் கழிந்திருக்க வேண்டும். துணைக்குக் கணினி எதுவும் கிடையாது.

இன்று இதை ஒரு கைபேசி நொடிக்குள் செய்துவிடும். நம் எண் ஒரு பலவீனத்தையும் ஒளித்து வைத்திருந்தது. 19,37,07,721இல் ஒன்றைக் குறைத்தால் வருவது 8 × 27 × 5 × 67 × 2,677. எல்லாமே சின்னச் சின்னத் துண்டுகள். காரணியில் ஒன்று குறைந்தது இப்படிப் பொடியாகும் எண்ணாக இருந்தால் அந்தக் காரணியை விரைவாகப் பிடித்துவிடும் முறையை ஜான் போலார்டு 1974இல் வெளியிட்டார். 2,677 வரை போனால் போதும். 

இரண்டு அறிவுகளுக்கு நடுவே

லூக்காவுக்கும் கோலுக்கும் நடுவிலிருந்த இடைவெளி மூடியதா என்றால், இல்லை; அகன்றுதான் போயிருக்கிறது.

பகா எண்ணா என்று தீர்ப்புச் சொல்லும் பக்கம் வெற்றி மேல் வெற்றி. 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் எந்த எண்ணையும் அதன் இலக்க எண்ணிக்கைக்கு ஏற்ற நியாயமான காலத்துக்குள், சந்தேகத்துக்கே இடமில்லாமல் சோதிக்கும் முறையைக் கண்டார்கள். உலகம் பல பத்தாண்டுகளாகத் தேடியது அது. கயாலும் சக்சேனாவும் அப்போதுதான் பட்டப்படிப்பை முடித்திருந்த இளைஞர்கள். இந்திய மண்ணில் இந்த நூற்றாண்டில் பிறந்த மிக அழகான கணித முடிவுகளில் ஒன்று இது என்றே நான் கருதுகிறேன். மெர்சென் எண்களுக்கோ லூக்காவின் சோதனையே இன்றும் அரசன். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மிகப் பெரிய பகா எண் 2இன் 13,62,79,841ஆம் அடுக்கில் ஒன்று குறைந்தது. நான்கு கோடியே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்டது.

உடைத்துக் காட்டும் பக்கம் நிலைமை வேறு. 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் மூவரும் இந்தக் கடினத்தையே பூட்டாக மாற்றினார்கள். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி விடையை ஊரறிய வெளியிடலாம். பகா எண்களை மட்டும் ரகசியமாக வைத்துக்கொண்டால் போதும். ஆர்.எஸ்.ஏ. என்ற அந்த முறைக்குச் சவாலாக அவர்கள் விட்ட 129 இலக்க எண்ணை 1994இல் இணையத்தில் கூடிய சுமார் 600 தன்னார்வலர்கள் உடைத்தார்கள். 250 இலக்க எண் ஒன்று 2020 பிப்ரவரியில் உடைந்தது. கணினிச் செயலியின் ஒற்றைக் கரு (core) தனியாகச் செய்தால் 2,700 ஆண்டுகள் ஆகியிருக்கும் வேலை. இன்று பரவலாகப் புழங்கும் பூட்டுகளில் உள்ள எண்களுக்கு 617 இலக்கம். குவாண்டம் கணினி வந்தால் அவை உடையும் என்று 1994இலேயே பீட்டர் ஷோர் வழி காட்டிவிட்டார். அந்த அளவுக்குப் பெரிய குவாண்டம் கணினி இன்னும் வரவில்லை. ஆனால் மாற்றுப் பூட்டுகளைச் செய்யும் வேலை தொடங்கிவிட்டது.

வியப்பு என்னவென்றால், காரணிப்படுத்துவது கடினம்தான் என்று இதுவரை யாரும் நிறுவவில்லை. எளிய வழி எதுவும் அகப்படவில்லை என்பது மட்டுமே நம் நம்பிக்கைக்கு ஆதாரம். நாளைக்கே ஒரு கல்லூரி மாணவி அந்த வழியைக் கண்டுபிடிக்க மாட்டாள் என்று எந்தத் தேற்றமும் தடுக்கவில்லை.

கோல் 1926இல் காலமானார். அவர் ஓய்வுபெற்றபோது சகாக்கள் திரட்டிக் கொடுத்த பணத்தை அவர் சங்கத்துக்கே திருப்பிக் கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் கோல் பரிசு. எண் கோட்பாட்டுக்கான கோல் பரிசை 2008இல் மஞ்சுள் பார்கவாவும், 2011இல் சந்திரசேகர் கரே, ஜான்-பியர் வின்டன்பெர்ஜே இருவரும் பெற்றார்கள்.

1876க்கும் 1903க்கும் இடையே 67ஆம் அடுக்கு இருந்த நிலையில் இன்று ஒரு மெர்சென் எண் இருக்கிறது: 2¹²⁷⁷ − 1. முந்நூற்று எண்பத்தைந்து இலக்கம் கொண்டது. அது உடையும் என்பது 1950களிலேயே லூக்காவின் சோதனையால் தெரிந்துவிட்டது. அதன் காரணி ஒவ்வொன்றும் 2,554இன் ஏதோ ஒரு மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருக்கும் என்பதும் தெரியும். தேடுபவர்கள் பல்லாயிரம் மணி நேரக் கணினி உழைப்பைக் கொட்டியிருக்கிறார்கள். அடுக்கு பகா எண்ணாக உள்ள மெர்சென் எண்களில், உடையும் என்று தெரிந்தும் ஒரு காரணிகூட அகப்படாத மிகச் சிறிய எண் இன்றுவரை இதுதான்.